அம்பயரின் கால் அரிப்பு

அந்த வீட்டு நாய் தன் முன்னங்காலை நக்கும் சத்தம் இருக்கிறதே, அதை மட்டும் ஒலிபெருக்கியில் போட்டிருந்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் வெள்ளம் வந்துவிட்டதென்று மாடியில் ஏறியிருப்பார்கள். சளக், சளக், சளக். வீட்டுக்காரரான விசில்காரர் செய்தித்தாளை விரித்தால் சளக். சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்தால் சளக். சமையலறையில் மிக்ஸி ஓடினாலும் அதையும் மீறிக் கேட்கும். அப்படி ஒரு நாக்கு.

நாயின் பெயர் அம்பயர். உடம்பு முழுக்க வெள்ளை. தலையில் மட்டும் தொப்பி வைத்த மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. குட்டியாக வந்த அன்றே விசில்காரர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவன் நிக்கிற நிலையைப் பாரு, யாரும் கேக்காமலே அவுட் குடுத்துருவான்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அரிப்பு தாங்காமல் அது எந்நேரமும் ஒரு காலை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. சிலிண்டர் போடுகிறவர் அவுட். மீட்டர் பார்க்க வந்தவர் அவுட். கதவைத் தட்டிய பாவத்துக்கு மகளின் மாமனாரே அவுட்.

சிரிப்பெல்லாம் காலைக் கிட்டே போய்ப் பார்க்கிற வரைக்கும்தான். வெள்ளை மயிர் எச்சிலில் ஊறி ஊறித் துருப்பிடித்த தகரம் மாதிரி ஆகியிருந்தது. விரல் இடுக்குகளில் தோல் ரத்தச் சிவப்பு. புளித்த மாவு மாதிரி ஒரு வாடை.

விசில்காரர் ஓய்வு பெறும்வரை ஒரு கிரிக்கெட் மைதானத்தின் தலைமைப் பராமரிப்பாளர். புல் அவர் துறை, பூமி அவர் துறை, புல்மேல் கால் வைப்பவர்களின் மானத்தை வாங்குவதும் அவர் துறை. கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில். மைதானத்தைப் பார்வையிட வந்த பெரிய மனிதர் ஒருவர் அந்த விசிலுக்குப் பயந்து செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாராம். காக்காய்கூட எல்லைக் கயிற்றுக்கு வெளியே இறங்கி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருமாம். காக்காயிடம் போய் விசாரிக்கவா முடியும்? நம்பித்தான் ஆக வேண்டும்.

அதே மைதானத்தில் டிக்கெட் கவுன்டரில் இருந்தவர்தான் அவர் மனைவி. ஊழியர்கள் எல்லாரும் அந்தம்மாவைக் கவுன்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். விசில்காரர் அவரிடம் முதன்முதலாகப் பேசியது: "புல்லுல நிக்காதீங்க." கவுன்டரம்மா திருப்பிச் சொன்னது: "ஏன், உங்கப்பா சம்பாதிச்ச புல்லா?" அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. நடுவில் கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள், மகளுக்கும் கல்யாணம் நடந்தது. சண்டை மட்டும் உணவு இடைவேளைகூட இல்லாமல் தொடர்கிறது.

பிறகு ஒருநாள் மைதானத்தை மூடினார்கள். கடைகள் கட்டப் போகிறார்களாம். இயந்திரங்கள் வருவதற்கு முன்பு விசில்காரர் ஒரு வண்டியைப் பிடித்து, ஆடுகளத்தை ஒட்டியிருந்த புல்லைப் பாய் பாயாகச் சுருட்டி, ஈரச்சாக்கில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் பாரம் ஒரு யானைக்குட்டி இருக்கும் என்பார். கேட்பவர் வாயைப் பிளந்தால் குட்டி அங்கேயே வளர்ந்து பெரிய யானையாகிவிடும். வீட்டுப் பின்பக்கம் முழுக்க அந்தப் புல்லை விரித்து, வெட்டி, தண்ணீர் காட்டி, பச்சைக் கம்பளமாக ஆக்கிவைத்தார். துணி காயப்போடப் போகும் கவுன்டரம்மா சுவரோரமாகப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஒரே ஒரு ஜீவனுக்குத்தான் விலக்கு. அம்பயர் குட்டியாக இருந்தபோது முதல்முறை அந்தப் புல்லில் இறங்கி, மல்லாந்து, நாலு காலையும் ஆட்டிக்கொண்டு உருண்டது. விசில்காரர் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஆனால் ஊதவில்லை. புல்லை இவ்வளவு சந்தோஷமாக அனுபவித்த ஒருவரை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் ஓரமாக நாற்காலி போட்டு உட்காருவார். நாய் உருளும். வெட்டின புல்லில் தண்ணீர் பட்டு ஒரு வாசனை கிளம்பும் பாருங்கள், அவ்வளவுதான். பழைய மைதானத்து ரோலர் கிரீச்சிடுவது கேட்கும். கேட்சை நழுவவிட்டவுடன் மொத்தக் கூட்டமும் ஒரே மூச்சாக "ச்சே" என்பது கேட்கும். ஆட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு, காலி இருக்கைகளுக்கு நடுவே காகிதக் கப்புகள் உருளும் சத்தம்கூடக் கேட்கும். அரை மணி நேரத்துக்கு அவர் வீட்டில் இருக்கமாட்டார்.

ஆகவே, நாய்க்குக் கால் அரிக்க ஆரம்பித்தபோது அவர் உலகத்தில் இருந்த எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார், அந்தப் புல்லைத் தவிர. கோழிக்கறியை நிறுத்தினார். தரை துடைக்கும் திரவத்தைத் தூக்கிக் கொட்டினார். எதிர்வீட்டுப் பூனையை முறைத்தார்.

"ஏங்க, புல்லா இருக்குமோ?" என்றார் கவுன்டரம்மா.

"எது? என் புல்லா?" பெற்ற தாயைப் பழித்த மாதிரி அவர் முகம் போனது. "அது மேல எத்தனை பேரு விழுந்து பொரண்டு கேட்ச் புடிச்சிருக்கான்! ஒருத்தனாவது காலைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னானா?"

"அவங்கெல்லாம் பூட்ஸு போட்டிருந்தாங்க."

அந்த ஒரு சொல் அவருக்குப் போதுமாக இருந்தது. பூட்ஸ்! மழையிலிருந்து ஆடுகளத்தைக் காப்பாற்ற மூடி வைப்பார்களே, அந்தத் தார்ப்பாயில் ஒரு துண்டு பரணில் கிடந்தது. இறக்கினார், வெட்டினார், தைத்தார். அம்பயருக்கு நாலு உறை தயார். காலைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட உறையை மாட்டி, நாடாவால் கட்டிவிட்டார். நாய் சேற்றில் நடக்கும் கொக்கு மாதிரி ஒவ்வொரு காலாக உதறி உதறிப் புல்லில் நடந்தது. நக்கும் சத்தம் நின்றது. விசில்காரர் உலகக்கோப்பையை வாங்கிய தோரணையில் வீட்டுக்குள் உலாத்தினார்.

அந்த வாரமே உறையைக் கழற்றியபோது வந்த வாடையில் எதிர்வீட்டுப் பூனை ஊரைவிட்டே போய்விட்டது. அம்பயர் காலைத் தரையில் ஊன்ற மறுத்தது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள் மருத்துவரிடம்.

கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். விரல் இடுக்கில் பஞ்சுக்குச்சியால் தொட்டு, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"காலை ஈரத்தோட எதையாவது வெச்சு மூடினீங்களா சார்?"

"மூடாம? பாதுகாப்பு வேண்டாமா டாக்டர்?"

"நீங்க மைதானத்துல இருந்தவர்னு அம்மா சொன்னாங்க. ஈரமான தரையைத் தார்ப்பாய் போட்டு நாள் கணக்கா மூடியே வெச்சா என்ன சார் ஆகும்?"

"வேர்த்துப் போய்ப் பூஞ்சை புடிக்கும்" என்று பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி டக்கென்று சொல்லிவிட்டு, விசில்காரர் வாயை மூடிக்கொண்டார். இந்தத் தப்பைச் செய்ததற்காக எத்தனை ஆட்களை வெயிலில் நிற்கவைத்துத் திட்டியிருப்பார்! கவுன்டரம்மா மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கியதில் தோள் மட்டும் குலுங்கியது.

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். பூஞ்சைக்கு ஒரு மருந்து, அரிப்பு அடங்க ஒரு மாத்திரை. வெளியே போய்வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவ வேண்டும். கண்ட சோப்பும் கூடாது. அப்புறம் விரல் விரலாக விலக்கி, ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். உறை, கிறை எதுவும் கூடாது. "ஆனா இதெல்லாம் பின்னாடி வந்த தொல்லை சார். ஆரம்பம் அலர்ஜி. எதுன்னு பாக்கணும். புல்லுல ரொம்ப நேரம் இருக்குமா?"

"புல்லா?" கவுன்டரம்மா முந்திக்கொண்டார். "வீட்டுக்குப் பின்னாடி ஒரு சர்வதேச மைதானமே இருக்கு டாக்டர். கேலரி மட்டும்தான் பாக்கி."

"அப்ப மொதல்ல அதுல விடாதீங்க. காத்துல வர்ற மகரந்தத்தை நாம தடுக்க முடியாது. தினம் உருண்டு பொரள்றதையாவது நிறுத்திப் பாப்போம்."

விசில்காரர் புல்லைச் சுற்றிக் கம்பி வேலி கட்டினார். மருந்து, கழுவல், துடைப்பு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கால் ஆறியது, துரு நிறத்துக்கு அடியிலிருந்து வெள்ளை மயிர் முளைத்தது. மருந்தால்தான் குணம் என்று அவர் அடித்துச் சொன்னார். மாத்திரை முடிந்தது. அப்போதும் கால் நன்றாகவே இருந்தது. "மருந்தோட வேகம் உடம்புல இருக்கும்ல" என்றார்.

அம்பயருக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. தினமும் வேலிக்கு வெளியே உட்கார்ந்து புல்லையே பார்த்தது. ஒரு சாயங்காலம் விசில்காரர் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வேலிக் கதவைத் திறந்த நேரம் பார்த்துக் காலிடுக்கில் புகுந்து உள்ளே பாய்ந்தது. மல்லாந்தது. உருண்டது. எலும்பே இல்லாத மாதிரி நெளிந்தது. அவருக்குத் துரத்த மனசு வரவில்லை. போகட்டும், ஒரே ஒருநாள்தானே என்று நின்று பார்த்தார்.

ராச்சாப்பாட்டுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. சளக், சளக். கழுவினார், துடைத்தார், மடியில் போட்டுக்கொண்டு வாயை விலக்கினார். அது மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவர் கையை நக்கிவிட்டு, மறுபடி காலுக்கே போனது. விரல் இடுக்கில் ரத்தம் கசிந்தது. இனி சொல்ல ஒரு சாக்கும் மிச்சமில்லை. நாயா, புல்லா?

மறுநாள் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். "எடுத்துரலாம்" என்றார்.

எப்போது சொல்வார் என்று காத்திருந்தவர்போலக் கவுன்டரம்மா குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. "கொஞ்சம் யோசிச்சுப் பண்ணுங்க" என்றார்.

"நீயா சொல்ற? எப்பப் பாத்தாலும் இந்தப் புல்லைத் திட்டுவியே?"

"திட்டுவேன். அதுக்காக?" கவுன்டரம்மா முந்தானையைச் சரிசெய்தார். "நீங்க காலையில குறட்டை விடுற நேரம் நான் செருப்பைக் கழட்டிட்டு அதுல நடப்பேன். தினமும். அத்தனை வருஷம் கம்பிக்கு அந்தப் பக்கம் உக்காந்து டிக்கெட்டுதானே கிழிச்சேன், அன்னைக்கு நீங்க வெரட்டினதுக்கப்புறம் ஒருநாளாச்சும் உள்ள கால் வெச்சிருக்கேனா?"

விசில்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "டிக்கெட் இல்லாமலா?"

"கவுன்டர்காரிக்கு எதுக்குய்யா டிக்கெட்?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் கவுன்டரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா அவன் கால்ல ரத்தம் வருதுங்க" என்றார். "ஆமா" என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது.

பழைய ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார். மைதானத்தில் உருளை ஓட்டி ஓட்டி அந்தப் பெயரே ஒட்டிக்கொண்ட ரோலர் வந்தான். வயதாகி அவனே உருளை மாதிரி ஆகியிருந்தான். ஓட்ட எண்ணிக்கைப் பலகைகளை மாற்றிக்கொண்டிருந்த ஸ்கோர்போர்டு, மகனின் சரக்கு வண்டியோடு வந்தான்.

"என்னண்ணே, மறுபடியும் மைதானத்தை மூடுறாங்களா?" என்றான் ரோலர்.

"இந்தத் தடவை நானே மூடுறேன்டா."

மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் விசில்காரர் வேலியைப் பிரித்துப் போட்டார். "எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றார். ரோலர் காதைக் குடைந்துகொண்டு இன்னொருமுறை கேட்டான். ஸ்கோர்போர்டு, "அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா அண்ணி?" என்று கிசுகிசுத்தான். எல்லாரும் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். கவுன்டரம்மா நட்டநடுவில் உட்கார்ந்து தேநீர் ஊற்றினார். பழைய ஆட்டம் ஒவ்வொன்றும் அங்கே மறுபடி ஆடப்பட்டது. அன்று ரோலர் சொன்ன கணக்குப்படி பார்த்தால் ஒரே சிக்ஸரில் பந்து மூன்று தெரு தாண்டி, ஓடும் பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கியது. உள்ளே அடைத்து வைத்திருந்த அம்பயர் ஜன்னல் வழியாகக் குரைத்துக் குரைத்து அதை ஆட்சேபித்தது.

பிறகு வெட்டினார்கள். பாய் பாயாகச் சுருட்டினார்கள். ரோலரும் ஸ்கோர்போர்டும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். வண்டி கிளம்பும்போது விசில்காரர் பின்னாலேயே தெருமுனை வரை, "வேர் காயக் கூடாதுடா! மத்தியான வெயில்ல தண்ணி ஊத்தாத!" என்று கத்திக்கொண்டே போனார். திரும்பி வந்து பின்பக்கத்தில் கல் பலகைகளைப் பரப்பினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அம்பயர் அந்தக் குளிர்ந்த கல்லில் வயிற்றை ஒட்டவைத்துப் படுத்து, பொழுது சாயும்வரை தூங்கியது.

வாரங்கள் போயின. அம்பயரின் நாலு காலும் சலவைக்குப் போய்வந்த மாதிரி வெள்ளை. விசில்காரருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கோர்போர்டின் மருமகள் புல்லுக்கு மேலே கொடி கட்டிப் போர்வை காயப்போடுகிறாளாம். நிழல் விழுந்தால் புல் வெளுத்துவிடாதா? பேருந்து பிடித்துப் போனார். ரோலர் ஆர்வக்கோளாறில் நீச்சல்குளம் மாதிரி தண்ணீர் தேக்கிவைத்திருக்கிறானாம், அதற்கும் போனார். திட்டினார், வெட்டினார், வெறுங்காலோடு நடந்து அழுத்திப் பார்த்தார், சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தார்.

வாசலில் கவுன்டரம்மா வாளியும் துண்டுமாக வழிமறித்தார்.

"அங்கயே நில்லுங்க. புல்லு மிதிச்ச காலோட அவன்கிட்ட வரக் கூடாது."

"கழுவிட்டுத்தான்மா வந்தேன்."

"பாத்தாலே தெரியுது, கழுவின லட்சணம். நீட்டுங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டினார். வெதுவெதுப்பான தண்ணீர் இதமாக இறங்கியது. கவுன்டரம்மா துண்டை அவர் மேலே போட்டு, "விரல் இடுக்குல ஈரம் நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றார்.

"அது நாய்க்கு!"

"துடைங்க."

துடைத்தார். வாசற்படியில் படுத்திருந்த அம்பயர் எழுந்து வந்து அவர் கால்களை ஒருமுறை முகர்ந்துவிட்டு, வாலை ஆட்டி உள்ளே வழிவிட்டது.

"நாளைக்கு ரோலர் வீட்டுப் பக்கம் போகணும்மா" என்றார் அவர், தயங்கித் தயங்கி. "அவனை நம்பி விட முடியாது பாரு."

"நாளைக்கு நானும் வரேன்" என்றார் கவுன்டரம்மா. "போயிட்டு வந்து நீங்க தண்ணி ஊத்துங்க, நான் காலை நீட்டுறேன்."