இருபத்துநாலு வோல்ட் வீடு

சௌமியாவின் வீட்டுக்கு கரண்ட் கம்பம் வந்த சேதி சௌமியாவைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சென்னையில் ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடியில் சோலார் பலகை மாட்டுகிற வேலை. இரண்டு வாரம் அங்கேயே கிடந்து முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை ரயிலில் திருத்தணி வந்து இறங்கினாள். மலைக்குப் போகிற மஞ்சள் துணிக் கூட்டத்தில் இடிபட்டு வெளியே வந்து, பஸ் பிடித்து, கே.ஜி.கண்டிகையில் ஆட்டோ ஏறினாள். வண்டியை எடுத்த ஆனந்தன் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான். "இனிமே உங்க வீட்ல கிரைண்டர்லாம் ஓடும்னு சொல்லு. இன்னிக்கு உங்கண்ணனுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வேற வராங்களாமே."

இரண்டுமே அவளுக்குப் புரியவில்லை. தார்ச்சாலையை விட்டு மண் தடத்தில் வண்டி திரும்பியதும் புரிந்தது. சிமெண்ட் நிறம் மங்காத புதுக் கம்பங்கள் வரிசையாக நின்றன. கடைசிக் கம்பத்திலிருந்து கம்பி நேராக அவள் வீட்டுச் சுவருக்குப் போயிற்று.

அவள் வீடு என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளுடைய அப்பா தேசப்பன் பொதட்டூர்பேட்டையில் அடுத்தவன் தறியில் கூலிக்கு லுங்கி நெய்கிறவர். வாடகை வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் விடிந்ததிலிருந்து விசைத்தறி இடிக்கும். அந்த இடியில்தான் சௌமியா படித்தாள், அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய் எலக்ட்ரிக்கல் முடித்தாள். தேசப்பன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நிலம் வாங்கினார். அதிலும் ஏமாந்தார். கே.ஜி.கண்டிகைக்கு அந்தப்புறம் கரட்டு நிலம். போர் போட்டால் புகைதான் வந்தது. பக்கத்தில் கம்பம் இல்லாததால் கரண்டும் கிடையாது. "அங்க ஒண்ணுக்குப் போவகூட எவனும் போவமாட்டான்" என்று அவளுடைய அண்ணன் ஹரிஹரன் சொல்வான்.

அந்த நிலத்தைத்தான் சௌமியா கேட்டாள். தேசப்பன் யோசிக்கக்கூட இல்லை. எடுத்துக்கோ, உனக்குத்தான் என்றார். எழுதிக் கொடு என்று அவள் கேட்கவில்லை. ஊரில் நாலு பேருக்குப் பத்திரம் படித்துச் சொல்கிறவள், பெற்ற நைனாவிடம் கையெழுத்துக் கேட்பதா என்று கூச்சப்பட்டாள். பட்டம் வாங்கியும் மூளை வேலை செய்யாத இடம் அதுதான்.

இரண்டு வருஷம் லீவு நாள் முழுக்க அங்கேதான். அந்த இடத்து மண்ணையே கொஞ்சம் சிமெண்ட்டோடு அழுத்திக் கல் அறுத்துச் சுவர் எழுப்பினாள். கூரைத் தகடு இரண்டு பக்கமும் சரிந்து, விழுகிற மழை ஒரு சொட்டு வீணாகாமல் கூரையோரத் தகரக் காடி வழியாக இறங்கி, கூழாங்கல், மணல், கரி போட்ட டிரம்களில் புகுந்து வெளிவந்து தரைக்குள் இருக்கிற தொட்டிக்குப் போகும். கூரையின் அழுக்கோடு வருகிற முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும். கம்பெனியில் மூலை உடைந்ததென்று ஒதுக்கிய பலகைகளை வாங்கிவந்து கூரையில் மாட்டினாள். பகலில் பேட்டரி நிரம்பும். வீடு முழுக்க இருபத்துநாலு வோல்ட்தான்: பல்பு, ஃபேன், தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றுகிற சின்ன மோட்டார், எல்லாமே. தொட்டால் ஷாக் அடிக்காத கரண்ட்.

தறி ஓடாத நாளில் தேசப்பன் கடப்பாரையோடு வந்துவிடுவார். தொட்டிக்குப் பள்ளம் வெட்டியது அவர்தான். நெய்கிறவர் கை, கடப்பாரை பிடித்துப் பழக்கமில்லை, உள்ளங்கை பொத்துப் பொத்துப் போயிற்று. பலகை ஏற்றும்போது மேல் முனையை இவள் பிடிக்க, கீழ் முனையை அவர் பிடிப்பார். அதற்கு முன்னால் அப்பாவும் மகளும் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. அண்ணன் ஒருநாள் வந்தான். நிழலில் நின்று செல்போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது அந்த வீட்டு வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அவளுடைய மூன்று பலகைகளும் கூரையிலிருந்து இறங்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சாய்ந்திருந்தன.

அம்மா கெங்கம்மாள் சமையலில் இருந்தாள். மகளைப் பார்த்ததும் திடுக்கிட்டு, நீ நாளைக்குத்தானே வரேன்னு சொன்ன என்றாள். அதிலேயே பாதி விளங்கிவிட்டது. மீதியை அம்மாவே சொன்னாள். ஹரிஹரனுக்கு அம்மையார்குப்பத்தில் ஒரு நல்ல இடம் தகைந்திருக்கிறது. பெண் பெயர் பிரியங்கா. சொந்த வீடு இருந்தால்தான் தருவார்கள். கல்யாணத்துக்கு இரண்டு விசைத்தறி போட்டுக் கொடுக்கிறார்களாம். தறி ஓட கரண்ட் வேண்டாமா?

"என் வீட்ல தறி போடறதுக்கு நான் மெட்ராஸ்ல இருக்கற நேரமா பாத்தீங்களா?"

"மெல்லப் பேசுடி. சும்மா காட்டத்தான். வந்து பாத்துட்டுப் போவட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

தேசப்பன் மாமரக் கன்றுக்குப் பக்கத்தில் நின்று வெள்ளை வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கிட்டே போய், நைனா, சும்மா காட்டத்தானா என்று கேட்டாள். அவர் வேட்டி முனையைப் பார்த்து ஆங் என்றார். அவள் நம்பினாள். நம்பத்தான் பிடித்திருந்தது.

உள்ளே வந்தவள் மீட்டர் பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டாள். பெட்டிக்கு மஞ்சள் பூசி குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் கதம்பம் சுற்றியிருந்தது. அதிலிருந்து புது ஒயர், வீட்டு ஒயர்களெல்லாம் வந்து சேர்கிற அவளுடைய சுவிட்ச் பெட்டிக்குள் போயிற்று. மூடியைக் கழற்றினாள். ஹரிஹரனின் கூட்டாளி திலீப் வயரிங் வேலை செய்கிறவன். பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் லைன் கரண்டைச் சேர்த்திருந்தான். சுவிட்ச் சுவிட்சாக இருக்கிறது, பல்பு பல்பாக இருக்கிறது, அவனுக்கென்ன தெரியும்? இருபத்துநாலு வோல்ட் வீட்டுக்குள் இருநூற்று முப்பது வோல்ட் வந்தால் என்ன ஆகும் என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய ஆளுக்குத் தெரியக்கூடாது என்றுதானே அவ்வளவு பாடும். இன்னும் எதுவும் எரியாததற்கு ஒரே காரணம் அம்மா: ராகு காலம் கழிந்து, பெண் வீட்டார் முன்னால், கற்பூரம் காட்டித்தான் மெயின் போட வேண்டும் என்று பிடிவாதமாக நிறுத்தி வைத்திருந்தாள்.

ஸ்க்ரூடிரைவர் தேடுவதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது.

பெண்ணின் அப்பா நாகராஜன் நல்ல உயரம், நிதானமான ஆள். கூட அவர் மனைவியும் உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேரும். உட்காருங்கள் என்றதற்கு உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தபோது வேண்டாம் என்றார்கள். அது அவர்கள் வழக்கம். இடம் பிடித்து, தருகிறோம் என்று மனசுக்குள் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. கை நனைத்துவிட்டால் பிறகு பேச்சு மாறாது.

நாகராஜன் வீட்டைச் சுற்றி வந்தார். ஹரிஹரன் பக்கத்தில் நடந்தபடி, இதை இப்படிக் கட்டினேன், இந்தச் சுவருக்கு இந்த மண் என்று சொல்லிக்கொண்டே போனான். எல்லாம் சௌமியா வாயிலிருந்து அவன் கேட்ட வார்த்தைகள், பாதி தப்பு. பின்னால் தேசப்பன் தலையாட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் நாகராஜன் காலடியால் அளந்தார். இங்கே ஒரு தறி, அங்கே ஒரு தறி என்றார். அந்தப் பேட்டரி அறைச் சுவரை இடித்துவிட்டால் மூன்றாவதுகூடப் போடலாம் என்றார். தேசப்பன் அதற்கும் தலையாட்டினார். சும்மா காட்டுகிறவர்கள் இடிக்கிற சுவரைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்று சௌமியாவுக்கு அப்போது தெரிந்தது.

"கரண்ட் போடுங்க, பாக்கலாம்" என்றார் நாகராஜன்.

கெங்கம்மாள் கற்பூரம் ஏற்றினாள். ஹரிஹரன் மீட்டரை நோக்கிப் போனான்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அண்ணன் கட்டிய வீட்டின் லட்சணத்தை அந்த சுவிட்சே சொல்லிவிடும். சௌமியா ஒரு மூச்சு அதை ஆசையோடு நினைத்துப் பார்த்தாள். ஆனால் கம்பெனியில் கெஞ்சி வாங்கிய மோட்டார் அது. ஒவ்வொரு பல்பும் அவள் கையால் மாட்டியது. யார் பெயரைச் சொல்லிக்கொண்டாலும் அதுகள் எரியக்கூடாது.

"அண்ணா, போடாத. இந்த வயரிங்குக்கு லைன் கரண்ட் ஆவாது. எல்லாம் வெந்துடும்."

ஹரிஹரன் கையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தான். வந்தவர்களும் பார்த்தார்கள். தேசப்பனுக்குத் தெரியும். அவரே ஒருமுறை ஈரக் கையால் அந்த ஒயரைத் தொட்டுவிட்டு, இன்னாம்மா கடிக்கவே இல்ல என்று சிரித்தவர்.

"அவ அப்படித்தான், எல்லாத்துக்கும் எதனா ஒண்ணு சொல்லிகினே இருப்பா" என்றார். "நீ போடு."

போட்டான். பல்புகள் பட் பட்டென்று வெடித்தன. ஃபேனிலிருந்து கருப்புப் புகை இறங்கியது. தொட்டி மேல் இருந்த மோட்டார் ஒரு தடவை உறுமி அடங்கியது. வயர் கருகிய நாற்றத்தில் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஹரிஹரன் மெயினை அணைத்துவிட்டு, திலீப்பின் அம்மாவைத் திட்டினான்.

இப்போதாவது கேட்பார்கள், யார் கட்டியது என்று கேட்பார்கள் என்று சௌமியா காத்திருந்தாள். நாகராஜன் புகை அடங்கும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பழைய ஒயரு. தறிக்கு எப்படியும் புது லைன் இழுக்கணும், அப்ப எல்லாத்தியும் மாத்திட்டா போச்சு. கம்பம் வந்துடுச்சு இல்ல, அதான் முக்கியம்." பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையசைத்தாள். "கொஞ்சம் தண்ணி குடுங்க."

கெங்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தொட்டித் தண்ணீர் நிறைந்த சொம்பைக் கொண்டுவந்து, வீட்டுப் பெண் கொடுத்தால்தான் முறை என்று சௌமியா கையில் திணித்தாள். சௌமியா சொம்பை நீட்டவில்லை.

"குடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சிக்குங்க. இந்த வீடு என்னுது. நான் கட்னது. இதுல எங்க எந்தக் குழாய் போவுதுன்னுகூட எங்கண்ணனுக்குத் தெரியாது. எங்க நைனாவக் கேளுங்க."

நாகராஜன் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு வியாபாரத்தில் கேட்டுத் தெளிய வேண்டியதைக் கேட்பதுபோல் திரும்பி, "இன்னா தேசப்பன், பொண்ணு சொல்றது நெசமா?" என்றார்.

தேசப்பன் அன்றைக்கு முதல்முறையாக மகள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நெலம் என் பேர்ல இருக்குது. கட்னது எம் புள்ள. இது கூடமாட மண்ணு தூக்கிச்சு. படிச்ச புள்ள இல்லியா, கோவம் வந்தா எல்லாம் என்னுதும்பா. நீங்க குடிங்க."

சொம்பை அவள் கையிலிருந்து வாங்கி அவரே கொடுத்தார். நாகராஜன் அண்ணாந்து குடித்தார். "தண்ணி நல்லாருக்குது, பாவா" என்றார். சம்பந்தியை முறை சொல்லி அழைத்த அந்த ஒரு வார்த்தையில் இரண்டு குடும்பமும் உறவாகிவிட்டது. கெங்கம்மாள் இலை போட ஓடினாள்.

சௌமியா வெளியே வந்து ஆனந்தனுக்குப் போன் செய்தாள். லோடு ஆட்டோ ஒன்று வேண்டும் என்றாள். கம்பெனி குடோனில் பலகையைப் போட இடம் கொடுப்பார்கள். அவளுக்கு எங்கே இடம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேட்டரிகளைத் தூக்கிவந்து வாசலில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. அவை இனி அவர்களுக்கு எதற்கு? அம்மா மட்டும் ஒருமுறை பின்னால் வந்து, நீ நாளைக்குக் கட்டிக்கினு போறவ, உனுக்கு எதுக்குடி வீடு என்று கிசுகிசுத்தாள். கேட்டது உண்மையிலேயே புரியாமல் கேட்டது. அதுதான் தாங்கவில்லை.

உள்ளே பந்தி முடிந்தது. குழாயைத் திறக்கிற சத்தமும், அது காற்றை மட்டும் கக்குகிற சத்தமும் கேட்டன. எச்சில் கையோடு நிற்கிறவர்களின் பேச்சு கேட்டது. லோடு ஆட்டோ வந்து நின்றபோது தேசப்பன் வெளியே வந்தார்.

"ம்மா சௌமியா. மேல தண்ணி ஏறல. அவுங்க கை கழுவணும்" என்றார். லோடு ஆட்டோவைப் பார்த்துவிட்டு, "எப்படி ஏத்தறது, அத மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார்.

"வீட்டக் கட்னவனக் கேளு, நைனா."

அவள் முதல் பலகையின் மேல் முனையைப் பிடித்துத் தூக்கியபோது, அவர் பழக்கத்தில் குனிந்து கீழ் முனையைப் பிடித்தார்.

"கைய எடு."

எடுத்துவிட்டார். தனியாளாகத் தூக்கக்கூடிய கனமில்லை அது. அவள் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு போனாள். அலுமினியச் சட்டம் கழுத்தோரத்தில் அறுத்தது.

"பாவா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆங், வந்துகினே இருக்கேன்" என்று தேசப்பன் திரும்பிப் போனார்.

அடுத்த பலகைக்கு அவள் வரும்போது, கூடத்தில் தொட்டி மூடியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. கயிறு கட்டிய வாளி ஒன்று தண்ணீரில் போய் விழுந்தது. எந்த வாளி, கழுவினதா, மாடு குடித்ததா, தெரியாது. இரண்டு மழைக்காலம் அதற்குள் ஒரு தூசு விழாமல் பார்த்துக்கொண்டவள், திரும்பிப் பார்க்காமல் பலகையைப் பிடித்து இழுத்தாள்.