இடப்பக்கம் இருபது நாற்காலி

1

மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு இருபதுக்கு, மின்சாதனக் கடையின் மேல்மாடியில் நாற்பத்திரண்டு நாற்காலிகள் போட்ட அறையில், லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் பதினேழு பேர் முன்னிலையில் பொய்யர் என்று அழைக்கப்பட்டார்.

இந்தக் கதை அங்கிருந்து வந்தது. கற்பனையிலிருந்து வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். கோபத்திலிருந்து வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே இருக்கிறது. அதனால் நடையில் தெரியும் நிதானத்தை வாசகர் முழுதாக நம்பிவிட வேண்டாம்.

அந்த அறையில் மாதம் ஒரு படம் போடுவோம். அறிவியல் புனைகதைப் படங்கள் மட்டும். நாவலிலிருந்து எடுத்த படம் என்றால் கூட்டம் கொஞ்சம் கூடும். நடுவே நடைவழி. புத்தகத்தைப் படித்தவர்கள் இடப்பக்கம், படிக்காதவர்கள் வலப்பக்கம், பக்கத்துக்கு இருபத்தொரு நாற்காலி. படம் முடிந்து முதல் அரை மணி நேரம் வலப்பக்கம் மட்டுமே பேசலாம். படித்தவர்கள் முதலில் வாயைத் திறந்தால், படிக்காதவர்கள் தாங்கள் பார்த்த படத்தையே மறந்துவிடுகிறார்கள் என்று செயலாளர் கொண்டுவந்த விதி. செயலாளர் அம்மா பல் மருத்துவர். "வாயத் திறங்கன்னு அங்க சொல்றேன், மூடுங்கன்னு இங்க சொல்றேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

[ஓரக் குறிப்பு: யார் உண்மையாகவே படித்திருக்கிறார் என்று யாரும் சோதிப்பதில்லை. பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வருடக்கணக்கில் இடப்பக்கம் உட்காரும் நான்கு பேரை எனக்குத் தெரியும். இது பின்னால் தேவைப்படும்.]

2

முதலில் எழுதிய தொடக்கம்: "விண்வெளிக்கு ஏறிக்கொண்டிருந்த லிஃப்டில் ஒரு பெண்"

நிறுத்திவிட்டேன். படத்தின் கதையில் ஆரம்பித்தால் அந்தப் பெண்ணைப் பற்றித்தான் கவலைப்படுவீர்கள். அவள் எழுதி முடிக்கப்பட்டவள். அவளுக்கு இனி ஒன்றும் ஆகாது.

அடுத்தது: "பிரேக்கு என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ்"

இது பொய். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வருவார். நகங்கள் என்னுடையவற்றைவிடச் சுத்தம். மெக்கானிக் என்றதும் என் கை தானாக கிரீஸைப் பூசிவிட்டது. அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன். நானும் அவரை அப்படித்தான் பார்த்தேன் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும்.

3

படம் இதுதான். கடலில் ஒரு மேடை, அதிலிருந்து வானத்துக்குக் கட்டிய வடம், வடத்தைப் பிடித்து ஏறும் பெட்டி. உள்ளே ஒரு பெண் பொறியாளரும் ஆறு பயணிகளும். எட்டாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் மோட்டார் கோளாறு. இருவரில் ஒரு பங்கு எடையைக் கழித்தால்தான் மேலே போக முடியும். அவள் பயணிகளை மேல் பாதிக்கு அனுப்பிவிட்டு, கீழ்ப் பாதியைத் தன்னோடு சேர்த்துக் கழற்றி விடுகிறாள். கடலுக்கு மேலே எரிந்துகொண்டே விழுகிறாள். இசை நான்கு நிமிடம்.

(மேலே 'இருவரில் ஒரு பங்கு' என்று எழுதியிருக்கிறேன். 'பாதி' என்று இருக்க வேண்டும். அந்தக் காட்சியை நினைத்தாலே வாக்கியம் கோணலாகிவிடுகிறது.)

விளக்கு போட்டதும் வலப்பக்கம் தொடங்கியது.

"கிராஃபிக்ஸ் பிரமாதம். அந்த வடம் அப்படியே நிஜம் மாதிரி" என்றார் வங்கிக் காசாளர்.

"வடத்த விடுங்க சார். அவ எதுக்கு சாவணும்?" என்றாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் பெண். "பொம்பள இஞ்சினியர்னா கடைசியில எரிஞ்சே ஆகணுமா? ஒரு படத்துலயாவது அவ வேலைய முடிச்சிட்டு வீட்டுக்குப் போறாளா, பாருங்க."

"ஆறு பேர காப்பாத்துறாளேம்மா."

"அந்த ஆறு பேருல ஒருத்தன் பேரு சொல்லுங்க பாப்போம்."

காசாளர் யோசித்தார். அறை சிரித்தது. இடப்பக்கத்தில் பிரேக்கு மட்டும் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதாவது நிமிடம் எழுந்தார்.

"புத்தகத்துல அவ விழவே மாட்டா. பிரேக்கப் பிடிச்சி பெட்டிய நிறுத்திடுவா. ஏழு பேரும் உக்காந்திருப்பாங்க. பதினோரு நாள். கீழேருந்து ஆளுங்க வடத்தப் பிடிச்சி ஏறி வருவாங்க. கடைசி நாள் வெளிய யாரோ தட்டுற சத்தம் கேக்கும். அதோட முடியும். அத விட்டுட்டு இவங்க அவள எரிச்சிருக்காங்க. மனுஷங்களா இவங்க?"

முன்வரிசையில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். எங்கள் குழுவில் எதையும் அவர் சொன்னால்தான் சொன்னதாகும்.

"தம்பி, எந்தப் புத்தகம்?"

"இதே புத்தகம்தான் சார்."

"நான் ரெண்டு தடவ படிச்சிருக்கேன். புத்தகத்துலயும் அவ விழத்தான் செய்வா. படம் அப்படியே எடுத்திருக்கான்."

"இல்ல சார். வெளிய தட்டுறவன் ஒரு வார்த்த சொல்வான். 'பயப்படாதீங்க, பெட்டி விழாது'ன்னு. அதான் கடைசி வரி."

"எட்டாயிரம் கிலோமீட்டர் ஒசரத்துல நின்னுகிட்டு 'பயப்படாதீங்க, பெட்டி விழாது'ன்னா?" பேராசிரியர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "என்னய்யா, எங்க அடுக்குமாடி லிஃப்டு நின்னப்போ நீ சொன்ன அதே வசனம்!"

இந்த முறை அறை இன்னும் பலமாகச் சிரித்தது. பின்னட்டைக்காரர்கள் நால்வரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர்தான் அந்தச் சொல்லைச் சொன்னார்: "பொய்யன்."

பிரேக்கு உட்கார்ந்தார். "எனக்கு முழுசா தெரியும் சார்" என்றார்.

4

குழுவின் மாத மடலை எழுதுவது நான். ஏப்ரல் மடலில் ஒரு வரி போட்டேன்: "புத்தகத்தைப் படிக்காமலேயே இடப்பக்கம் அமரும் போக்கு வருந்தத்தக்கது." நல்ல வரி என்று பேராசிரியர் தொலைபேசியில் பாராட்டினார்.

இருபது வருடமாக நாளிதழில் செய்தி திருத்துகிறேன். குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வரும் செய்தியை நிருபரின் முகத்துக்கே திருப்பி அனுப்புகிறவன். பிரேக்கிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மடல் போன மூன்றாம் நாள் ஒரு பெண் கூப்பிட்டார்.

"அந்த வரிய எழுதினது நீங்களா? நான் அவனோட அக்கா பேசறேன். மதியம் ஒரு மணிக்கு மேல கோர்ட்டுக்கு வர முடியுமா?"

அவர் நீதிமன்றத்தில் சாட்சியங்களைத் தட்டச்சு செய்பவர். தாழ்வாரத்தில், கோப்பு அலமாரிகளுக்கு இடையில் இருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னார். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பிறகு மடலை மடியில் விரித்து அந்த வரியில் விரலை வைத்தார்.

"அவன் படிக்கலதான். நான் படிச்சேன். அவனுக்கு."

ஒன்பது வருடங்களுக்கு முன்பு லிஃப்ட் குழிக்குள் வேலை செய்யும்போது இரும்புத்தூள் தெறித்து பிரேக்கின் இரண்டு கண்ணிலும் கட்டு. கட்டைப் பிரித்தால்தான் பார்வை இருக்கிறதா என்று தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பகலெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். லிஃப்டைப் பற்றிய நாவல் என்று யாரோ சொல்ல, வாடகை நூலகத்தில் எடுத்து வந்த புத்தகம்.

"நல்லா போயிட்டிருந்துச்சு. பெட்டி நின்னுடுச்சு. அடுத்த பக்கத்தத் திருப்புறேன், அட்டை. கடைசி பதினாலு பக்கத்த எவனோ கிழிச்சிருக்கான். இவன் 'அப்புறம்? அப்புறம்?'ங்கறான். கண்ணுல கட்டு. நான் என்ன சொல்ல? பக்கத்தத் திருப்புற மாதிரி சத்தம் பண்ணிகிட்டே சொல்ல ஆரம்பிச்சேன்."

"நீங்களே கட்டினதா?"

"அவன்தான் சொல்லியிருக்கானே, கயிறு அறுந்தாலும் பெட்டி விழாது, பிரேக்கு தானா தண்டவாளத்தப் பிடிச்சுக்கும்னு. வீட்டுக்கு வந்தா அதத்தான் பேசுவான். அத எடுத்து அவனுக்கே படிச்சேன். மறுநாள் புத்தகத்தத் திருப்பிக் குடுத்துட்டேன்." மடலை மடித்தார். "இருபத்தேழு வருஷமா அடுத்தவங்க சொன்னத ஒரு எழுத்து மாத்தாம அடிக்கிறேன். அந்த ஒரு தடவதான் சொந்தமா."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"கட்டு பிரிச்சு, பார்வை வந்து, அவன் மொதல்ல சொன்னது என்ன தெரியுமா? 'அவங்க வந்து தட்டினாங்கல்ல, அது மாதிரி இருந்துச்சுக்கா.' இதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

ஏப்ரல் கூட்டத்தில் பிரேக்கை வலப்பக்கத்துக்கு மாற்றத் தீர்மானம் வரப்போகிறது என்றேன்.

"அவன பொய்யன்னு சொல்ல விடாதீங்க" என்றார். "ஆனா நான் சொன்னதையும் சொல்லாதீங்க." இரண்டுக்கும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

5

இரண்டையும் ஒன்றாகச் செய்வது எப்படி என்று இந்தப் பகுதியில் எழுதுவதாக இருந்தேன். எனக்குத் தெரியவில்லை. பகுதி காலியாக இருக்கட்டும்.

6

ஏப்ரல் கூட்டத்தில் படம் இல்லை. பேராசிரியர் நாவலைக் கொண்டுவந்து, கடைசி அத்தியாயத்தில் ஒரு பேருந்துச் சீட்டைச் செருகி, பிரேக்கின் கையில் கொடுத்தார்.

"நீயே படிச்சுப் பாரு தம்பி. அவசரமே இல்ல."

அது விசாரணை இல்லை, உரையாடல் என்று பல் மருத்துவர் அறிவித்தார். அதனால் வழக்கமான விதிப்படி முதல் அரை மணி நேரம் இடப்பக்கம் பேசக் கூடாது என்றார். அக்கா வந்திருந்தார். புத்தகத்தைப் படித்திருக்கிறீர்களா என்று வாசலில் கேட்டதற்கு, "கடைசி பதினாலு பக்கம் தவிர" என்றார். எந்தப் பக்கம் உட்காரவைப்பது என்று தெரியாமல் கடைசி வரிசையில், நடைவழியிலேயே ஒரு முக்காலி போட்டார்கள்.

பிரேக்கு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பதினான்கு பக்கம், சரியாக அரை மணி நேரம். நான் அவருக்குப் பின்னால் இடப்பக்கத்தில் இருந்தேன். பேசக் கூடாது என்ற விதி இருந்தது எனக்கு எவ்வளவு வசதி என்று அப்போதுதான் தெரிந்தது. குறிப்பேட்டில் முடிவுகள் எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவு ஒன்று: அக்கா எழுந்து உண்மையைச் சொல்கிறார். அறை கைதட்டுகிறது. (கைதட்டாது. அந்த அறையை எனக்குத் தெரியும்.)

முடிவு இரண்டு: பரிசோதனைக் கூடத்துப் பெண் எழுந்து, இடப்பக்கத்திலுள்ள ஒவ்வொருவரையும் கடைசி அத்தியாயத்தைச் சொல்லச் சொல்கிறாள். நான்கு நாற்காலிகள் காலி.

முடிவு மூன்று: மடலை எழுதியவன் எழுந்து

இதை முடிக்கவில்லை. எழுந்தால் நான் இரண்டாவது வாக்கை மீற வேண்டும், உட்கார்ந்திருந்தால் முதலாவதை. உங்களால் முடிந்தால் நிரப்புங்கள். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: எழுந்திருக்க அந்த வாக்கு மட்டும் தடையாக இல்லை. பேராசிரியர் சிரித்துவிடுவாரே என்ற பயமும் இருந்தது. அவ்வளவு சின்ன விஷயம்தான்.

பிரேக்கு புத்தகத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி?" என்றார் பேராசிரியர்.

"நல்லால்ல சார்."

"நல்லாருக்கா இல்லையான்னு கேக்கல. நீ சொன்னது தப்புன்னு ஒத்துக்கறியா?"

"எனக்குத் தெரிஞ்ச புத்தகம் இது இல்ல."

"அப்போ எந்தப் புத்தகம்னு சொல்லுங்க" என்றார் பல் மருத்துவர், கொஞ்சம் கனிவாகவே. "பதிப்பகம், வருஷம், எதாவது. நாங்க நம்பத் தயாரா இருக்கோம்."

"அது சொல்ல முடியாதும்மா."

தீர்மானத்துக்கு ஆதரவாகப் பதினொரு கைகள், எதிராக ஐந்து. பின்னட்டைக்காரர்கள் நால்வரும் ஆதரவு. ஒருவர் கை தூக்கவே இல்லை. அது மடலை எழுதியவன்தான் என்று சொல்லத் தேவையில்லை.

பிரேக்கு எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு நடைவழியைத் தாண்டி வலப்பக்கத்தில் போட்டார். "இங்கருந்து ஒடனே பேசலாம்ல?" என்று கேட்டார். பரிசோதனைக் கூடத்துப் பெண் மட்டும், "பேசுங்கண்ணே" என்றாள்.

7

அக்கா, தம்பி இருவருக்கும் பின்னால் நான் படியிறங்கினேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"பதினோரு நாளுன்னு ஏன்க்கா வச்ச?"

அக்கா இன்னும் இரண்டு படி இறங்கினார்.

"அன்னிக்கு உன் கட்டு பிரிக்க இன்னும் பதினோரு நாள் இருந்துச்சுடா."

"ம்." கைப்பிடியைத் தட்டிக்கொண்டே இறங்கினார். "ஏழு பேருக்கும் பேரு வச்சிருந்தியே. இந்தப் புத்தகத்துல ஒருத்தனுக்கும் பேரு இல்ல. பதினாலு பக்கம், ஒரு பேரு இல்லக்கா."

மறுநாள் மூன்று வரியில் ஒரு திருத்தக் குறிப்பு எழுதி, அவர் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்கு எடுத்துப் போனேன். நின்றுபோன லிஃப்டின் கதவருகே குந்தியிருந்தார். குறிப்பைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் சார். இதப் போட்டா எங்க அக்கா ஏமாத்தினதா ஆகும். அவங்க பாக்குற வேலைக்கு அந்தப் பேச்சே ஆகாது."

"உங்களப் பொய்யர்னு சொல்லிட்டாங்களே."

"நானா பொய்யன்? அது எனக்குத் தெரியும்ல."

கதையாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

"பேரு போடாம எழுதுங்க. கதைன்னா எவன் நம்பப் போறான்." பிறகு கதவில் இரண்டு முறை தட்டி, உள்ளே சிக்கியிருந்தவர்களிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னார். அதைச் சொல்லி இந்தக் கதையை முடிக்க ஆசை. அது அவர் அக்காவின் முடிவு. எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

அக்காவிடமும் அனுமதி கேட்டேன். "எழுதுங்க, ஒரு எழுத்து மாத்தாதீங்க" என்றார். நிறைய மாற்றியிருக்கிறேன்.

8

மே மாத மடலில் திருத்தக் குறிப்பு வரவில்லை. மே கூட்டத்துக்குப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். இடப்பக்கம் இருபது நாற்காலி, வலப்பக்கம் இருபத்திரண்டு. நான் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.