ஆயுத பூசை அன்று எடுத்த இமேஜ்

மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்க மாட்டேன். கிள்ளான் பக்கம் மேருவில் சிவசம்பு அங்கிளின் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் மெஷின் ஒன்று உண்டு. அதை ஓட்டும் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. வருஷம் முழுக்க நிற்காத மெஷின் ஆயுத பூசைக்கு ஒரு நாள் நிற்கும். திருநீறும் குங்குமமும் வைப்பதற்கு முன்னால், கம்ப்யூட்டரில் உள்ள அத்தனையையும் சிஸ்டத்தோடு சேர்த்து ஒரே ஃபைலாக நகல் எடுத்துவிடுவேன். இமேஜ் என்போம்.

போன பூசை முடிந்து ஒன்றரை மாதத்தில், அப்போது மெஷினை ஓட்டிய தம்புசாமி அண்ணனின் இரண்டு விரல்கள் அந்த மெஷினில் போயின. அதற்கப்புறம்தான் முன்னால் ஒளித்திரை, அதாவது ஒளிக்கதிர்களாலான ஒரு தடுப்பு, வைத்தார்கள். கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். செலவைக் குறைக்க, தனி வயர் இழுக்காமல் அதைக் கம்ப்யூட்டர் வழியாக இணைத்தது என் மேதாவித்தனம்.

இப்போது மெஷினை ஓட்டும் ஹாசிமுக்கு அது வசதியாகப் போய்விட்டது. தகடு கோணலானால் நிறுத்தும் பட்டனைத் தேட மாட்டான். கையை உள்ளே விடுவான், மெஷின் தானாக நிற்கும். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். "அதான் நிக்குதே அக்கா" என்று சிரிப்பான்.

செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை. கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் லோரி வாசலில் நிற்க, அங்கிள் என் பின்னால் நின்று கத்தினார். புதிதாக சிஸ்டம் போட அரை நாள் ஆகும். அதனால் இமேஜை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, இன்ஸ்டால் பண்ணாமல் நேரடியாக அந்த ஃபைலிலிருந்தே பூட் ஆகும்படி செய்தேன். இருபதே நிமிஷம். மெஷின் ஓடியது, ஒளித்திரையின் பச்சை விளக்கும் எரிந்தது. மிதப்போடு பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்குக் கிளம்பினேன்.

வழியில் சுபாங் ஜெயா வரும்போதுதான் உறைத்தது. அந்த இமேஜ் பூசையன்று எடுத்தது. ஒளித்திரை வைத்ததே அதற்குத் தெரியாது. விளக்கு எரியும், கை குறுக்கே போனாலும் மெஷின் நிற்காது. வண்டியை ஓரம் கட்டினேன்.

மெஷின் பக்கம் போன் கொண்டுபோக விட மாட்டார்கள், அதனால் அங்கிளை அழைத்தேன். உடனே நிறுத்தச் சொன்னேன், காரணத்தையும் சொன்னேன்.

"அதான் இன்னைக்கு நிக்காம ஓடுதா?" என்றார். "நல்லா ஓடுது லா. லோரி மூணு மணிக்குப் போயிடும். அப்புறமா வந்து பாரு."

"ஹாசிம்கிட்டயாவது சொல்லுங்க அங்கிள். அவன் கைய விடுவான்."

சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். நான் நம்பவில்லை. வண்டியைத் திருப்பினேன். வழியெல்லாம் ஜாம். ஐந்து தடவை அழைத்தும் அந்த மனுஷர் எடுக்கவில்லை.

தொழிற்சாலை வாசலில் இறங்கியபோது மெஷின் சத்தம் கேட்கவில்லை. நிறுத்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன், மடச்சி. உள்ளே தம்புசாமி அண்ணன் ரப்பர் குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஹாசிமை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது. வலது கை, மணிக்கட்டு வரைக்கும்.

அவனிடம் சொன்னீர்களா என்று அங்கிளைக் கேட்டேன். அவர் என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"கவர்மெண்ட் ஆளுங்க பார்க்க வருவாங்க" என்றார், ரொம்பத் தணிந்த குரலில். "அதுக்குள்ள அந்த லைட்ட, கைய விட்டா மெஷின் நிக்கிற மாதிரி, திரும்ப கம்ப்யூட்டர்ல சேத்துடு. லைட் வேலை செஞ்சா, அவன்தான் எதையோ நோண்டிட்டான்னு ஆயிடும். உனக்கும் அதான் நல்லது."

சண்டாளன் என்று நினைத்தேன். ஆனால் போலீஸ், கோர்ட், என் கடை, எல்லாம் ஒரேயடியாக மண்டைக்குள் ஓடின. ஐந்து நிமிஷ வேலைதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சேர்த்தேன்.