மருந்தடித்த கொய்யா

கொய்யாவில் மாவுப்பூச்சி வந்தால் தையல்காரி சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைப்பாள். "பிள்ளைக்கு மூக்கு துடைச்சுவிடுற மாதிரியில்ல துடைக்கிறே!" என்று கணவர் சிரிப்பார். எலக்ட்ரீஷியனான அவர் பதியம் போட்டு வளர்த்த மரம் அது. சிறிய காய், உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும் நாட்டு ரகம். மூன்று வருடம் கழித்து இப்போதுதான் முதன்முதலாகக் காய்த்திருந்தது.

அந்த மாதமே அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். கல்லீரல் போய்விட்டது, இனி நாட்கணக்குதான் என்றார் டாக்டர். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்ம கொய்யாவுல ஒரு துண்டு தின்னா போதும்" என்றார் ஒருநாள்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். ஏழு பழங்கள் பழுத்திருந்தன. அவற்றின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் வேலியருகே வந்தார்.

"ஒரே பூச்சி, தங்கச்சி. நீ அலையிறியேன்னு நேத்து நானே மருந்தடிச்சிட்டேன். ரெண்டு வாரத்துக்குப் பறிச்சிடாதே."

நல்ல மனதோடு செய்தவரை என்ன சொல்வது? "சரிண்ணே" என்று திரும்பினாள். மூன்று கடை ஏறி இறங்கியும் சிவப்புக் கொய்யா கிடைக்கவில்லை. வெள்ளைக் கொய்யாவைத்தான் நறுக்கி எடுத்துப்போனாள்.

அவர் துண்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நம்மளுதா?"

"ஆமாங்க."

மெதுவாக மென்றார். "நல்லா இனிக்குது" என்றார்.

வராந்தாவுக்குப் போய் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான்காம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார்.