இரண்டு கம்பைலரும் ஒரு வட்டமும்

கிள்ளானில் சிவநேசனின் அடுக்குமாடி வீட்டு ஹாலில் இருக்கும் பழைய ஹோம் கம்ப்யூட்டர் அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. மச்சான் ஜீவனோடு சேர்ந்து வாங்கியது. நினைவகம் வெறும் அறுபத்து நாலு கிலோபைட். டிவியில் மாட்டினால்தான் படம் தெரியும். இனி அது பிரிக்பீல்ட்ஸில் தன் வீட்டில் இருக்கட்டும் என்று ஜீவன் கிளம்பியதில்தான் வம்பு. யாருடைய சி கம்பைலர் உசத்தியோ, அவன் வீட்டில் மெஷின் என்று பேச்சாகிவிட்டது.

சி என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராமை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலரின் வேலை. சிவநேசனுடையதற்குத் தசமக் கணக்கு தெரியும். ஆனால் ஒரு தசமப் புள்ளி வைத்தாலே பாதி நினைவகத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஜீவனுடையது சிட்டாகப் பறக்கும். முழு எண்ணைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

"உங்க கம்பைலருக்குத் தீனி போட்டு முடியாது மச்சான்."

"உன்னோடது அரைன்னா என்னான்னு கேக்கும் லா."

நடுவர் குமுதா, ஒருவனுக்குப் பெண்டாட்டி, இன்னொருவனுக்கு அக்கா. "தோசை மாதிரி வட்டமா ஒன்னு போடுங்க. ஞாயித்துக்கிழமை பாக்குறேன்," என்று முடித்துவிட்டாள்.

வட்டத்துக்கு சைன், கோசைன் என்று தசமக் கணக்கெல்லாம் வேண்டும். சிவநேசன் எழுதிப் பார்த்தான். இடமில்லை என்று கம்பைலர் கையை விரித்தது. மெஷின் வீட்டை விட்டுப் போவதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை. போர்ட் கிள்ளானில் இருக்கும் நண்பன் ஹாசிமுக்குப் போன் போட்டான். ஹாசிம் வட்டத்தின் புள்ளிகளை லேப்டாப்பில் கணக்குப் போட்டு, முழு எண்களாக அனுப்பினான். சிவநேசன் அவற்றை அப்படியே புரோகிராமில் ஒட்டினான். கம்பைலர் தசமத்தைத் தொடவே இல்லை என்பது யாருக்குத் தெரியப்போகிறது?

ஞாயிறன்று வட்டம் டிவியில் ஜோராக வந்தது. இடது ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு பள்ளம்.

"யாரோ கடிச்ச தோசை," என்றாள் குமுதா.

"தசமம்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

இதற்குள் நாலு நக்கல் அடித்திருக்க வேண்டிய ஜீவன், டிவிக்குப் பக்கத்தில் போய் அந்தப் பள்ளத்தையே உற்றுப் பார்த்தான். பிறகு தன்னுடையதை ஓட்டினான். அதே வட்டம். அதே இடத்தில் அதே பள்ளம்.

"ஹாசிமா?" என்றான் சிவநேசன் மெதுவாக. ஜீவன் தலையாட்டினான்.

குமுதா அதற்குள் ஹாசிமைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"பள்ளமா? வேணும்னுதான் வச்சேன் அக்கா," ஹாசிமுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ரெண்டு பாஸும் தனித்தனியா கேட்டு வாங்கிட்டு, அவன்கிட்ட சொல்லிடாதன்னாங்க."

"அப்ப வட்டம் போட்டது ஹாசிம்தான்," என்றாள் குமுதா. "மெஷின் அவன் வீட்டுக்கே போகட்டும். எனக்கு டிவியாவது மிஞ்சும்."

சிவநேசன் மெஷினைத் தூக்கினான். ஜீவன் வயர்களைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"ஹாசிமுக்கு சி ஒரு வரி தெரியாது மச்சான்," என்றான் லிப்டில்.

"அது எனக்கும் தெரியும். வாராவாரம் நாமதான் போய்ச் சொல்லிக் கொடுக்கணும்."

ஜீவன் கொஞ்சம் யோசித்தான். "உங்க கம்பைலர்லயா, என்னோடதுலயா?"