பவுனம்மாளின் விரதம்

டரண்டுலா சிலந்தி வளர்க்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் மடையர்கள். இதை எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே எழுதி, இரண்டு முறை வெளியே தள்ளப்பட்டிருக்கிறேன். தரையில் வாழும் சிலந்தியை வாங்கி, ஆள் இடுப்பு உயரக் கண்ணாடிப் பெட்டியில் விடுவான் ஒருவன். அது ஏறி விழுந்து வயிறு வெடித்துச் சாகும். இன்னொருவன் கிள்ளான் வெயிலில் வியர்த்துக்கொண்டே, பாவம் குளிருமே என்று அதற்குச் சூட்டு விளக்கு மாட்டுவான். அம்பாங்கில் ஒரு மகராசன் காலையும் மாலையும் தண்ணீர் அடித்து, காற்றுத் துளைகளையும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, உள்ளே பூஞ்சை மண்டியதும் ஏன் அண்ணே அசையவே மாட்டேங்குது என்று எனக்குப் படம் அனுப்பினான். செத்தது எப்படி அசையும்?

என்னிடம் இருந்தது பிரேசில் நாட்டுக் கறுப்புச் சாதி. மிளகு அளவில் வந்ததைப் பதின்மூன்று வருடம் வளர்த்து உள்ளங்கை அகலத்துக்குக் கொண்டுவந்தேன். பவுனம்மாள் என்று பெயர். கறுப்புக்குப் போய் இந்தப் பெயரா என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையாத எனக்கு வீட்டில் இருந்த ஒரே உயிர் அது. சிலந்திக்கு ஆள் அடையாளம் தெரியாது, பாசம் கிடையாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். எனக்கு அதன்மேல் பாசம் இருந்தது, அவ்வளவுதான்.

போன வருடம் ஏர்கான் கம்பெனி என்னைப் பிரிக்பீல்ட்ஸுக்கு மாற்றியது. அங்கே அறை கொடுத்த இராஜம்மா, ஒன்று நீ இரு, இல்லை அந்தப் பூச்சி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் பவுனம்மாளைப் பண்டமாரானில் தங்கை மலர் வீட்டில் விட்டேன். விட்டது தங்கையை நம்பி. ஆனால் பார்த்துக்கொண்டது அவள் புருஷன் விமலன்.

விமலன் போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறான். ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் அவன் கையில் கொடுக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். கல்யாணத்தன்றே தாலி கட்டத் தெரியாமல் முழித்தவன். அவனுக்காக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். தேங்காய்நார் மண் மேலே காய்ந்தும் அடியில் லேசாக ஈரமாகவும் இருக்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் பஞ்சு போடாதே. பத்து நாளைக்கு ஒருமுறை செங்கெரிக் இரண்டு போடு. பறவைக் கடையில் டப்பாவில் உயிரோடு விற்கிற சுவர்க்கோழிப் பூச்சிதான் அது. சாப்பிடவில்லை என்றால் உடனே எடுத்துவிடு. அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். ஆட்டுகிற தலையில் எதுவும் தங்காது என்று மலரிடம் சொன்னேன். அவளுக்கு முகம் சுருங்கியது.

டிசம்பரில் போன் செய்தான். முந்தின வருடம் லோரி கவிழ்ந்து கீறல் இல்லாமல் வெளியே வந்ததற்காகத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுக்கிறானாம். நாற்பத்தெட்டு நாள் விரதம். வீட்டுக்குள் ஓர் உயிர் போகக்கூடாதாம். அதனால் பவுனம்மாளுக்குப் பூச்சி போட முடியாது, தண்ணீர் மட்டும் மாற்றுகிறேன் என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காவடி எடுப்பது அவன், பட்டினி கிடப்பது என் பிள்ளையா? வளர்ந்த டரண்டுலா மூன்று மாதம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. குழுவில் நூறு பேருக்கு நானே சொன்ன சங்கதி அது. ஆனால் அதைச் சாக்காக வைத்து இந்த லோரிக்காரன் சாமியார் வேஷம் போடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. கேரட் துருவிப் போடுங்களேன் மாப்பிள்ளை என்றேன். கிண்டல் என்று புரிந்தும், சரி மச்சான் என்று போனை வைத்தான்.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மறுபடி கூப்பிட்டான்.

"மச்சான், அது வளை வாசல நூல் போட்டு மூடிருச்சு. மூடுறதுக்கு முன்னாடி வயித்துப் பின்பக்கம் கருகருன்னு பளபளப்பா இருந்துச்சு. சட்டை உரிக்கப் போகுதுன்னு நெனைக்கிறேன்."

எனக்கே வகுப்பு எடுக்கிறான்! யூடியூபில் ரெண்டு வீடியோ பார்த்தவனெல்லாம் டாக்டர். தினம் இரண்டு வேளை ஹாலில் சாம்பிராணி போட்டுப் புகைமூட்டம் செய்தால் எந்த ஜீவன்தான் கதவைச் சாத்தாது, முதலில் அந்தப் புகையை நிறுத்துங்கள் என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு வைத்தேன். பெட்டியை அறைக்குள் மாற்றி நாலு நாளாகிறது மச்சான் என்று அவன் ஏதோ சொல்ல வந்தான். நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டேன். செங்கெரிக் நாலு வாங்கிச் சட்டைப் பையில் டப்பாவோடு வைத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் போய் இறங்கினேன். விமலன் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் போனேன். தண்ணீர் மாற்ற வந்தேன் என்று மலரிடம் சொன்னேன். அவள் குரலைத் தாழ்த்தி, மெதுவா நடண்ணே, அது பயந்துடும்னு இவர் டிவிகூட போட விடறதில்ல என்றாள். நான் சிரித்தேன். வீடே பைத்தியக்கார ஆஸ்பத்திரியாகிவிட்டது என்றேன்.

வளை வாசல் வெள்ளையாக, தடிமனாக மூடியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டு. ஒரு டார்ச் அடித்திருந்தால் தெரிந்திருக்கும். போனில் டார்ச் இருந்தது. அடிக்கவில்லை. அந்த லோரிக்காரன் சொன்னதைச் சரிபார்ப்பதே எனக்குக் கேவலமாக இருந்தது. இடுக்கியால் நூலைக் கிழித்து, நாலு பூச்சியையும் உள்ளே தள்ளினேன். சாப்பிடுகிறதா என்று காத்திருக்க வேண்டும், அதுதான் முறை. வாசலில் விமலனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் மூடியைப் போட்டுவிட்டு எழுந்தேன். அவன் முகத்தில் விழிக்காமல் பின்வாசல் வழியாகவே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மலர் கூப்பிட்டு, வாண்ணே என்று மட்டும் சொன்னாள்.

பவுனம்மாள் மல்லாந்து கிடந்தது. பழைய சட்டையிலிருந்து பாதிதான் வெளியே வந்திருந்தது. புதுக் கால்கள் பால்போல வெளுத்து, ஊசி பட்டாலே கிழிகிற மென்மையில் இருந்தன. அந்த நேரத்தில் அதால் பல்லைக்கூட அசைக்க முடியாது. வயிற்றில் மூன்று இடத்தில் பூச்சிகள் கடித்துத் தின்றிருந்தன. ஒரு செங்கெரிக் அதன்மேலேயே உட்கார்ந்து மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.

பதின்மூன்று வருடம். என் கையாலேயே.

மஞ்சள் வேட்டியோடு விமலன் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கண் சிவந்திருந்தது. யார் போட்டது என்று அவன் கேட்கவில்லை. நான் மூடியைத் திறந்து அந்தப் பூச்சியைப் பிடித்துத் தரையில் போட்டு மிதிக்கக் காலைத் தூக்கினேன். அவன் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மச்சான்."

டம்ளரைக் கவிழ்த்து அதைப் பிடித்தான். மற்ற மூன்றையும் பொறுமையாக ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தான். வெளியே கொண்டுபோய் வேலியோரப் புல்லில் டம்ளரைச் சாய்த்து, நாலும் தாவிப் போகிறவரை நின்று பார்த்தான். நான் வாசலில் நின்றேன். அவன் என்னை அடிப்பான், நாலு கெட்ட வார்த்தையாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் திரும்பி வந்து காலைக் கழுவினான்.

"நான் விரதத்துல இருக்கேன் மச்சான். நீங்களும் போயிடுங்க."

மலர் என் செருப்பை எடுத்துப் படிக்கட்டுக்கு வெளியே வைத்தாள்.