இரண்டாவது சைக்கிள்

என் காரின் பின்னால் இரண்டு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. மற்றது இன்னும் வராத ஒருவருடையது.

இது விதிப்படிதான். காருக்குப் பின்னால் மாட்டும் ரேக்கில் இரண்டு சைக்கிளுக்கு இடம் இருந்தால் இரண்டு சைக்கிள் ஏற்ற வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றினால் வண்டி ஒரு பக்கமாகவே யோசிக்க ஆரம்பித்துவிடும் என்று ரேக் விற்ற கடைக்காரர் சொன்னார். நான் இன்னொரு சைக்கிளும் வாங்கினேன்.

என் பெயர் ஏகாம்பரம். வயது நாற்பத்தாறு. சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மாதிரிகளைச் சோதிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆள் இல்லாததால் சைக்கிள் வாங்கினேன். அதை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டலாம் என்று ரேக் வாங்கினேன். ஓர் ஆளுக்கான ரேக் தயாரிக்கப்படுவதில்லை.

கடைக்காரர் பெயர் கொழந்தைசாமி. பின் பம்பருக்கு அடியில் ஒரு சதுரக் குழாயைப் பொருத்தி, அதில் ரேக்கைச் செருகி, குறுக்கே ஓர் இரும்பு ஆணி போட்டுப் பூட்டினார். பிறகு இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கார்தான் ஆடியது.

"கனமானது காருக்குப் பக்கத்துல. லேசானது வெளிய," என்றார்.

"எது கனம்?"

"உங்களோடதுதாங்க. ஆள் இல்லாத சைக்கிள் கனக்காது."

மலையடிவாரத்தில் செக்போஸ்ட். காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போனார்.

"ரெண்டாவது யாருது?"

"யாரோடதும் இல்லைங்க."

"யாரோடதும் இல்லாத பொருள் மலை ஏறக் கூடாது. உள்ள போய் ஆள் வாங்கிட்டு வாங்க."

வெளியிலிருந்து பார்க்க அது ஒரே ஓர் அறை. உள்ளே நீளமான நடைவழி. நான் நடக்க நடக்க அதுவும் நடந்தது. ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வாசலில் என் கார் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. சைக்கிள்கள் தெரியவில்லை.

கடைசியில் ஒரு மேசை. அதன் பின்னால் ஓர் அம்மா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். எலுமிச்சை சாதம்.

"சீட்டு உயரம்?"

"கவனிக்கலைங்க."

"எண்பத்தெட்டு சென்டிமீட்டர். இங்கிருந்தே தெரியுது." ஒரு பதிவேட்டைப் புரட்டினார். "அப்படின்னா அஞ்சடி மூணு அங்குலம். மரகதம்னு ஒருத்தங்க இருக்காங்க. பரவால்லையா?"

"எப்படிப்பட்டவங்க?"

"ரேடியோ சத்தமா வெப்பாங்க. வெயில் ஆகாது."

"எனக்கு ரேடியோ பழக்கம் இல்லைங்க."

"அப்ப யோசிச்சுச் சொல்லுங்க. அடுத்த ஆளு ஆவணியிலதான்."

உடனே கையெழுத்துப் போட்டேன். அவசரத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. அந்த அம்மா கிழிசலின் மேலேயே முத்திரை குத்தினார்.

"எப்ப வருவாங்க?"

"மலை மேல வருவாங்க. அங்க காத்திருங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது அவங்க ஃபாரத்துல இருக்கும். உங்க ஃபாரத்துல இல்ல."

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பதினான்காவது வளைவு மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை ஹாரன் அடித்தேன். பதினைந்தாவது வந்தது.

பின்னால் பார்க்கும் கண்ணாடியில் சாலை தெரியவில்லை. இரண்டாவது சைக்கிள் மட்டும் தெரிந்தது. அதன் பெடல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. காற்றாக இருக்கலாம். நான் ரேடியோவைப் போட்டேன். சத்தமாக வைத்தேன். வெயில் விழுந்த இடங்களில் கொஞ்சம் வேகமாகவும் மர நிழலில் மெதுவாகவும் ஓட்டினேன். "புழுக்கமா இருக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். வீட்டில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. கேட்ட பிறகு கொஞ்ச நேரம் காதெல்லாம் சூடாக இருந்தது.

மேலே ஒரு மைதானம். முந்நூறு கார்கள் இருக்கும். ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் இரண்டு சைக்கிள்கள். ஒவ்வொரு காருக்குப் பக்கத்திலும் ஓர் ஆள். யாரும் யாரோடும் பேசவில்லை. விசில் ஊதிக்கொண்டிருந்த ஒருவர் எனக்கு ஓர் இடம் காட்டினார்.

பக்கத்துக் காரின் ஆள் ஒரு துணியால் தன் இரண்டாவது சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆத்தூரில் கணக்கு வாத்தியாராம்.

"புதுசா?" என்றார்.

"ஆமாங்க. நீங்க?"

"ஏழு வருஷம் ஆச்சு. வந்துட்டே இருக்காங்களாம்."

"அதுவரைக்கும் உங்க சைக்கிளை ஓட்டலாமே சார்?"

அவர் துடைப்பதை நிறுத்தினார். "நான் ஒரு ரவுண்டு போன நேரமாப் பாத்து வந்துட்டாங்கன்னா?"

அவர் ஒரு துணி கொடுத்தார். நானும் துடைத்தேன்.

சூரியன் உச்சிக்கு வந்து நான்கு நாள் அங்கேயே நின்றது. நான் சட்டையைக் கழற்றி இரண்டாவது சைக்கிளின் சீட்டின்மேல் போர்த்தினேன். யாரும் சிரிக்கவில்லை. நிறைய சீட்டுகள் மேல் சட்டைகள் கிடந்தன. சில சட்டைகள் வெளுத்து நூலாகியிருந்தன.

நான்காம் நாள் என்னால் நிற்க முடியவில்லை. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். பதினோராவது வரிசையில் ஒரு நீலக் கார். அதன் இரண்டாவது சைக்கிளின் சீட்டு சரியாக என் இடுப்பு உயரத்தில் இருந்தது. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். சரியாக இருந்தது.

காருக்குப் பக்கத்தில் ஒரு பெண் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். உயரமானவர். மரகதமாக இருக்க முடியாது.

"என்ன பாக்கறீங்க?"

"இது யாரோடதுங்க?"

"துரைக்கண்ணோடது."

"வந்துட்டாருங்களா?"

"வந்துட்டு இருக்காரு. மூணு வருஷமா."

அந்தப் பெண்ணின் பெயர் சாந்தகுமாரி. நாமக்கல்லில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சுவரில் உள்ள எழுத்துகளைக் குச்சியால் காட்டி, தெரிகிறதா என்று கேட்பாராம்.

"தெரியுதுன்னு சொன்னா?"

"அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்."

கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டப்பட்டிருந்தது. சத்தமாகப் படித்தார். "அஞ்சடி எட்டு. நிதானமாப் பேசுவாரு. வாய்க்குள்ளயே சிரிப்பாரு."

நான் ஐந்தடி எட்டு. நிதானமாகத்தான் பேசுவேன். அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. வாய்க்குள்ளேயே சிரித்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"உங்க பேரு?"

"ஏகாம்பரம்."

காகிதத்தை மடித்தார். "அப்ப நீங்க இல்லைங்க."

"இல்லைங்க."

அவர் ஒரு துண்டு கொய்யாவில் மிளகாய்த்தூள் தொட்டுக் கொடுத்தார். நான்கு நாளில் நான் சாப்பிட்ட முதல் பொருள் அது. கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்தான் என்று சொன்னேன். அவர் எதுவும் கேட்டிருக்கவில்லை.

மைதானத்தின் மூலையில் தகரக் கொட்டகை. உள்ளே கீழே பார்த்த அதே அம்மா. அதே எலுமிச்சை சாதம், பாதி முடிந்திருந்தது.

"நான் துரைக்கண்ணுவா மாறணுங்க."

"மாறிக்கலாம். தடை இல்ல." வேறொரு பதிவேட்டை எடுத்தார். "ஏகாம்பரத்தோட சைக்கிள்?"

"அங்கயே இருக்கட்டும்."

"அப்ப ஏகாம்பரமும் வராத ஆளாயிடுவாரு. மரகதம் வந்தா என்ன சொல்ல?"

அதுவரை மரகதம் வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. இப்போது அவர் வருவது தெரிந்தது. வளைவுகளில் ஏறி வந்து, கார் காராகத் தேடி, என் காரைக் கண்டுபிடித்து, பக்கத்தில் யாரும் இல்லாமல் வெயிலில் நிற்பார். வாத்தியார் அவருக்கும் ஒரு துணி கொடுப்பார்.

அந்த அம்மா சாப்பிட்டு முடித்தார். டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்தார்.

"காருக்குள்ள உக்காரச் சொல்லுங்க," என்றேன். "சாவி வண்டியிலயே இருக்கு. ரேடியோ வேலை செய்யுது. அவங்க வேணும்னா வண்டியை எடுத்துட்டுப் போகட்டும். எங்க வேணும்னாலும்."

"ரெண்டு சைக்கிளோடயா?"

"ரெண்டு சைக்கிளோட."

எழுதிக்கொண்டார். "கையெழுத்துப் போடுங்க."

"எந்தப் பேர்ல?"

"பழைய பேர்ல. அதுக்கு இதுதான் கடைசி."

நிதானமாகப் போட்டேன். இந்த முறை காகிதம் கிழியவில்லை. மை காய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. காயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலக் காருக்குத் திரும்பினேன். சாந்தகுமாரி என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"துரைக்கண்ணு," என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரேக்கின் பட்டைகளை அவிழ்க்க ஆரம்பித்தார். மூன்று வருடத்தில் அவை இறுகியிருந்தன. நான் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு சைக்கிள்களையும் இறக்கினோம். ஒரு டயரில் காற்று குறைவாக இருந்தது. அடித்தேன்.

வரிசைகளுக்கு நடுவே ஓட்டிப் போனோம். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரே ஒரு தடவை கை தட்டினார்கள். பிறகு தட்டவில்லை.

மைதானத்தைத் தாண்டியதும் ஏரிக்குப் போகும் சாலை. சில்வர் ஓக் மரங்கள். சாந்தகுமாரி முன்னால், நான் பின்னால். அவர் திரும்பாமலே கேட்டார்.

"ஏன் இவ்வளவு லேட்டு?"

"வழியில ஒருத்தங்களுக்காக நின்னுட்டேங்க."

"யாரு?"

"தெரியாது. பார்த்ததில்ல."

"வந்தாங்களா?"

"நான் கிளம்புற வரைக்கும் வரலைங்க."

சாலை அந்த இடத்தில் லேசாக ஏறியது. அவர் எழுந்து நின்று மிதித்தார். மேடு முடிந்ததும் மறுபடி உட்கார்ந்தார்.

"பாவம்," என்றார்.

யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.